வராதவர் கணக்கு

2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களே இருந்த வேளையில், கொழும்பு மாளிகாவத்தையில் மூன்று பெண்கள் நெரிசலில் மிதிபட்டு இறந்தனர். கொரோனாத் தொற்றின் பொருட்டு விதிக்கப்பட்ட ஊரடங்கு தலைநகரில் இரண்டு மாதங்களாக நீடித்திருந்தது. நாட்கூலி நின்றுபோன வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாகியிருந்தது. வணிகர் ஒருவர் தானம் வழங்குகிறார் என்ற செய்தி பரவவே, பெருங்கூட்டம் திரண்டது. அக்கூட்டத்திற் சிக்கிய மூவர் வீடு திரும்பவில்லை.

அதே நாட்களில், நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. கல்வி இணையவழியில் தொடர்கிறது என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியர்கள் தத்தம் வீட்டிலிருந்து கைபேசி மூலம் பாடம் அனுப்பத் தொடங்கினர். புதிய செயலிகளையும் மென்பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பழகினர். தானத்துக்காகத் தெருவில் நின்ற தாயின் பிள்ளையும், இணைய வகுப்பின் பட்டியலிற் பெயருடைய பிள்ளையும் வெவ்வேறு உலகத்தவர் அல்லர். பல வீடுகளில் இருவரும் ஒருவரே. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்காதவரையில், ஆசிரியரின் கைக்கு வந்த புதிய கருவிகளின் பொருளை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

ஆசிரியத் தொழிலுக்கு ஒழுங்கு இன்றியமையாதது. நாற்பது பிள்ளைகளின் பெயர், வரவு, பயிற்சி, புள்ளி, குறை ஆகிய யாவற்றையும் நினைவில் மட்டும் வைத்திருக்க எவராலும் இயலாது. ஆதலால் ஏடும் பட்டியலும் நேரசூசியும் அவருக்கு உழவனின் கலப்பை போன்றவை. ஆனால், கலப்பை யாருடைய நிலத்தில் உழுகிறது என்ற கேள்வி எப்போதும் உண்டு. வரலாற்றை ஊன்றி நோக்கினால், ஆசிரியரின் பட்டியல் இரண்டு விதமான கேள்விகளுக்கு விடை தந்து வந்திருப்பதைக் காணலாம். “இன்று வந்தோர் எத்தனை பேர்?” என்பது முதற் கேள்வி, அது மேலிடத்தின் கேள்வி. “இவன் ஏன் வரவில்லை?” என்பது இரண்டாவது கேள்வி, அது ஆசிரியரின் கேள்வி. ஒவ்வொரு புதிய கருவியும் இவ்விரண்டில் எதற்குத் துணைநின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிற் கருவிகள் மிகச் சில. தரையிற் பரப்பிய மணல், எழுத விரல், பின்னர் ஓலையும் எழுத்தாணியும். முன்னேறிய மாணவனொருவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தான். ஆசிரியரின் உழைப்பைப் பகிர்ந்துகொள்ளும் எளிய ஏற்பாடு அது.

ஸ்கொத்லாந்திற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இற் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளரானார். ஒருநாட் குதிரையிற் செல்கையில், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றிற் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்த முயன்றபோது, அங்கிருந்த துணையாசிரியர் அது நடவாது என்றார். பெல் எட்டு வயதுச் சிறுவனொருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், வகுப்பு நடந்தது. மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தலும், அன்றாடம் கற்ற பாடத்தின் அளவைப் பதிந்து வைத்தலும், குற்றங்களைக் குறிக்கத் தனி ஏடு பேணுதலும் அவருடைய முறையின் உறுப்புகளாயின. தாயகம் மீண்ட அவர் 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார்.

இங்கிலாந்தில் அப்போது ஆலைத் தொழில் பெருகிக்கொண்டிருந்தது. தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மலிவான கல்வி தேவைப்பட்டது. யோசேப்பு லங்காஸ்டர் என்பவர் இத்தகைய முறையைக் கையாண்டு, ஓர் ஆசிரியரே ஆயிரம் சிறுவருக்குக் கல்வி புகட்டலாம் என்று பறைசாற்றினார். நீண்ட மண்டபங்களில் வரிசை வரிசையாகச் சிறுவர் அமர்த்தப்பட்டனர். கட்டளைக்கு எழுந்தனர், கட்டளைக்கு எழுதினர். திண்ணையில் ஆசிரியருக்குத் துணையாயிருந்த சட்டாம்பிள்ளை முறை, அங்கே ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைக்கும் சிக்கன முறையாயிற்று. கருவி ஒன்றே, அதை ஏவிய நலன் வேறு.

இதனாற் பழைய திண்ணையைப் பொற்காலமாக நாம் போற்றவேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமிருக்கவில்லை. பெண் பிள்ளைகளிலும் மிகச் சிலரே எழுத்தறிந்தனர். அவர்கள் வரவில்லை என்று எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. ஏனெனில் அவர்கள் வரவேண்டியவர்கள் என்று எவரும் எண்ணவில்லை. பட்டியலிற் பெயரே இல்லாதவனின் வராமை எவர் கண்ணிலும் படுவதில்லை. அந்த அளவில் நவீனப் பாடசாலையின் வரவு இடாப்பு ஒரு முன்னேற்றமே என்பதை மறுக்கலாகாது.

இடாப்பும் மானியமும்

ஆனால், அந்த இடாப்பு நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது? 1862இல் இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பவரின் கல்விச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. மாணவனின் வரவையும், வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றிலும் அவன் பெறும் சித்தியையும் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம் வழங்குவது அதன் சாரம். பள்ளிப் பரிசோதகராகத் தொழில் புரிந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கல்வி உயிரற்ற மனனமாகச் சுருங்கிவிடும் என்பது அவருடைய அச்சம். அச்சம் மெய்யாயிற்று; 1890களில் அம்முறை இங்கிலாந்திற் கைவிடப்பட்டது.

இலங்கையில் 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, பெறுபேற்றுக்கேற்பக் கொடுப்பனவு என்னும் அதே கொள்கை உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. அரசின் சார்பில் வரும் பரிசோதகர் முன்னிலையிற் பிள்ளை சித்தியடைந்தால் பள்ளிக்குப் பணம்; தவறினாற் பணமில்லை. ஆசிரியரின் ஏடு அன்றுமுதல் கணக்குப்பிள்ளையின் ஏடாயிற்று. வராத பிள்ளை இழந்துபோன மானியமாகத் தோற்றமளித்தான். அவன் காய்ச்சலிற் கிடக்கிறானா, வயலுக்கு அனுப்பப்பட்டானா, உடுக்க உடையின்றி ஒளிந்திருக்கிறானா என்பதைப் பதிய அவ்வேட்டில் நிரல் இல்லை.

குடியேற்ற ஆட்சியின் இவ்வழக்கம், சுதந்திரத்தோடு மறைந்துவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். வரவு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், பாடக்குறிப்பு, புள்ளிப் பதிவு, வலயக் கல்வி அலுவலகம் கேட்கும் படிவங்கள் எனக் கற்பித்தலுக்குரிய நேரத்தில் ஒரு பங்கைப் பதிவுகள் உண்டுவிடுகின்றன. இவற்றுள் எத்தனை பிள்ளைக்காக எழுதப்படுகின்றன, எத்தனை மேசைக்காக எழுதப்படுகின்றன என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சியாகும்.

மருதானையிற் கிடைத்த மாற்று

மேலிருந்து வரும் கருவிக்கு மாறாக, ஒரு சமூகம் தானே கையிலெடுத்த கருவிக்கும் சான்று உண்டு. அதற்கு மாளிகாவத்தையிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அடுத்துள்ள மருதானைக்குச் சென்றாற் போதும்.

கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்தி லெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சு இயந்திரமே அக்காலத்தின் புதிய கருவி. மிசனரிகளின் கையிற் பெரும்பாலும் இருந்த அக்கருவியைத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் கல்வி விழிப்புக்காக அவர் பயன்படுத்தினார். மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் மிசனரிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. அவர்களைக் குறைகூறுவதோடு சித்தி லெப்பை நின்றுவிடவில்லை; அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கேள்விக்குக் கிடைத்த விடையே, 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த ஒராபி பாஷா முதலியோரின் ஆதரவுடன் 1892இல் மருதானையில் எழுந்த பள்ளிக்கூடம். பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்து, டி. பி. ஜாயா, ஏ. எம். ஏ. அஸீஸ் ஆகிய அதிபர்களின் காலத்தில் நாடறிந்த நிலையமாயிற்று அது.

இங்கும் குறை இல்லாமலில்லை. அக்கல்லூரியின் எழுச்சியில் வணிக வகுப்பினரின் கை ஓங்கியிருந்தது. அக்கம்பக்கத்துத் தொழிலாளரின் பிள்ளைகள் எல்லோரும் அவ்வாயிலைக் கடந்துவிடவில்லை. ஆயினும், கருவியைக் கையாள்பவர் மக்களின் தயக்கத்தையும் தேவையையும் முதலில் அறிந்தாற் பயன் எவ்வாறு விளையும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அவ்வாயிலை எல்லோருக்கும் திறக்க அரசாங்கத்தின் கடமை தேவைப்பட்டது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. இவை ஒவ்வொன்றும் “ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்குச் சமுதாயம் அளித்த விடை. கட்டணம் கட்ட இயலாமல் வராதவன், புத்தகமின்றி வராதவன், உடையின்றி வராதவன் என ஒவ்வொருவனாக உள்ளே அழைக்கப்பட்டான்.

கைபேசிக் காலம்

2020 மார்ச்சில் வாயில் மீண்டும் மூடியது. இம்முறை உள்ளே வருவதற்கு வேண்டியிருந்தது கைபேசியும், அதற்குரிய இணையத் தரவும். இலவசக் கல்வியின் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் மட்டுமே கணினி இருந்தது. ரூபவாஹினியின் அலைவரிசைகளிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திற் பாடங்கள் வைக்கப்பட்டன. ஆயினும் அன்றாடக் கற்பித்தலின் சுமை ஆசிரியரின் சொந்தக் கைபேசி மீதே விழுந்தது.

மாளிகாவத்தை போன்றதொரு பகுதியில், தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். அடுக்குமாடி வீடுகளிலும் நெருக்கமான ஒழுங்கைகளிலும் வாழும் பிள்ளைகள் அவருடைய மாணவர். அவர் முதலில் வட்ஸ்அப் குழுவொன்றை அமைக்கிறார். பின்னர் ஸூம் வகுப்பு. கட்டணமின்றிக் கிடைக்கும் ஸூம் கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அன்றைய நம் நேரசூசியிற் பாடவேளை ஒன்றும் நாற்பது நிமிடமாகவே இருந்தது. பிள்ளைகள் வந்து சேர்வதற்கே பதினைந்து நிமிடம் கழிந்துவிடும். அடுத்துக் கூகிளின் விரிதாளில் நாற்பது பெயரையும் இட்டு, பயிற்சி அனுப்பியோர், அனுப்பாதோர் என்று நிறம் தீட்டுகிறார். வினாப் படிவம் தானே புள்ளியிடுகிறது. நாட்காட்டி தானே நினைவூட்டுகிறது.

இக்கருவிகளின் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று பயிற்சிகளை விட்டிருப்பதை விரிதாள் ஒரு பார்வையிற் காட்டிவிடும். பழைய கோப்பிற் புரட்டித் தேட ஒரு மாலை செல்லும். குரற்பதிவாக அனுப்பிய பாடத்தை, தொழிலுக்குச் சென்ற தந்தை கைபேசியுடன் இரவில் வீடு திரும்பிய பிறகும் பிள்ளை கேட்கலாம். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில், எந்தப் பிள்ளைக்கு எந்நேரம் என்று வகுத்துக் கொடுக்கவும் பட்டியல் உதவும். பிள்ளையின் நிலையை அறிந்த ஆசிரியர் கருவியை வளைத்தார். வளைந்த கருவி பயன்பட்டது.

ஆனால் விரிதாளின் வெற்றுக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. தரவு தீர்ந்ததா? கைபேசி அடகுக்குப் போனதா? தாய் தானத்துக்காக வரிசையில் நிற்கிறாளா? அதை அறிய ஆசிரியை தொலைபேசியில் அழைக்கவேண்டும், அயல்வீட்டாரிடம் விசாரிக்கவேண்டும். இந்த உழைப்பு எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. மாறாக, நடத்திய வகுப்புகளின் தொகையும் இணைந்தோர் தொகையுமே மேலே கேட்கப்பட்டன. 1870இன் கேள்வி 2020இற் புதிய திரையில் மீண்டும் தோன்றியது.

நகரத்தின் நிலை இதுவாயின், கிராமத்தின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 2021இல், ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவ என்னும் சிற்றூரில் ஆசிரியரும் மாணவரும் காட்டு வழியே நடந்து பாறையேறி இணைய அலை பிடித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அச்செய்தியைப் பலர் விடாமுயற்சியின் வீரக்கதையாகப் பாராட்டினர். பிள்ளைகளைப் பாறையேற வைத்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டோர் குறைவு.

கருவியைக் கீழே வைத்த கைகள்

2021 ஜூலை 8ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டத்தில், இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாகினர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்பும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் தடுத்துவைக்கப்பட்டனர். ஜூலை 12 முதல் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். தலைவர்கள் விடுதலையான பின்னும், இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாட்டை முன்வைத்துப் போராட்டம் ஒக்டோபர் 25 வரை நீடித்தது.

ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கைவிட்டனர் என்று அன்று குற்றஞ்சாட்டப்பட்டது. எனினும் அப்போராட்டம் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. இணையக் கல்வி என்று சொல்லப்பட்டதன் கட்டடம், மின்சாரம், கருவி, தரவு யாவும் ஆசிரியரின் வீட்டிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் வந்தவை. அவர் தம் கைபேசியைக் கீழே வைத்ததும் நாடு முழுவதன் பாடசாலையும் நின்றது. தொழிற்சாலையின் இயந்திரத்தைத் தொழிலாளியே வாங்கிவந்து கூலிக்கு உழைக்கும் விந்தை அது.

முற்போக்காளர் தம் பக்கத்துக் குறையையும் கூறவேண்டும். அந்த மாதங்களிற் கட்டண வகுப்புகள் திரையில் தொடர்ந்தன. பணமுள்ள வீட்டுப் பிள்ளை கற்றான். மாளிகாவத்தை ஒழுங்கையிலுள்ள பிள்ளை காத்திருந்தான். போராட்டம் நியாயமானது. ஆயினும், அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் அந்நியாயத்தை எடுத்துரைத்து அவர்களையும் அணிசேர்க்கும் பணி போதியளவு நடைபெற்றது என்று சொல்வதற்கில்லை. பெயர்ப்பட்டியலும் தொலைபேசி இலக்கங்களும் ஆசிரியர் கையிலிருந்தன. வகுப்புக்கு அழைக்கப் பயன்பட்ட அக்குழு, பெற்றோரோடு உரையாடவும் பயன்பட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு, கருவிகளின் வரிசை முழுவதுமே சரிந்தது. 2022 மார்ச்சில், கடதாசி இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமையால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை சென்றது. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டு, மீண்டும் திரையை நாடும்படி கூறப்பட்டது, திரைக்கோ மின்சாரமில்லை. கடன்சுமையில் வீழ்ந்த நாட்டில் முதலில் மங்குவது ஏழைப் பிள்ளையின் திரை என்பதை அந்த மாதங்கள் எடுத்துக்காட்டின.

ஆசிரியர் கேட்கவேண்டியவை

தொற்று ஓய்ந்தது, பள்ளிகள் திறந்தன. கருவிகள் மட்டும் ஆசிரியர் கையை விட்டு அகலவில்லை. புதியனவும் நாள்தோறும் வருகின்றன. அவற்றைக் கண்டு அஞ்சுவதும், அவற்றை வியந்து தொழுவதும் ஒருசேரப் பயனற்றவை. ஆசிரியர் சங்கங்களிலும் மாணவர் மன்றங்களிலும் எழுப்பவேண்டிய கேள்விகள் சில உள்ளன.

இக்கருவிக்கு யார் செலவழிக்கிறார்? பாடநூலும் சீருடையும் பொதுச் செலவில் வருமாயின், வகுப்பறை நுழைவதற்கான கருவியும் இணைப்பும் ஏன் தனியார் செலவாக வேண்டும்? பிள்ளையின் பெயரும் புள்ளியும் யார் களஞ்சியத்திற் சேர்கின்றன? 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. பிற நாட்டு நிறுவனங்களின் கணினிகளிற் பதியப்படும் நம் பிள்ளைகளின் விபரங்களுக்கு அது எவ்வாறு காவலாகும் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும். கருவி தமிழிலும் சிங்களத்திலும் இயல்பாக இயங்குகிறதா, ஆங்கிலம் அறிந்த வீட்டுக்கு மட்டும் வழிவிடுகிறதா? இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கும் விடையளிப்பது ஆசிரியரின் வேலை நேரத்தில் அடங்குமா?

நாமே அமைக்கும் கருவிகளுக்கும் முன்மாதிரி உண்டு. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் நினைவு நெஞ்சில் உள்ள சமூகம், எரிக்க முடியாதவொரு களஞ்சியத்தைக் கட்ட முனைந்தது. சித்தி லெப்பை அச்சு இயந்திரத்தைக் கையிலெடுத்ததைப் போன்ற செயல் இது. பாடக்குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் ஆசிரியர் தம்முள் இவ்வாறு பகிர்ந்துகொள்வாராயின், ஒவ்வொருவரும் தனியே இரவு விழித்து உழைக்கும் சுமை குறையும்.

மாளிகாவத்தையில் உயிர்நீத்த மூன்று பெண்களின் பக்கம் மீண்டும் திரும்புவோம். பசித்த வீடு எது, எத்தனை பிள்ளைகள், எவர் கூலி நின்றது என்ற விபரம் அந்நகரில் எவரிடமும் இல்லாமற் போகவில்லை. அங்குள்ள வகுப்பாசிரியர்களின் இடாப்புகளிலும் நினைவிலும் அதில் ஒரு பகுதி இருந்தது. அவ்விபரத்தைக் கேட்டுப் பெற்று, நிவாரணத்தை உரிமையாக வாசலுக்கே கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால், தானத்துக்காக எவரும் நெரிபட வேண்டியிருந்திராது. வந்தோரை எண்ணும் கணக்குகள் இந்நாட்டில் ஏராளம். வராதவரின் கணக்கை எழுதுபவர் ஆசிரியர். அக்கணக்கு ஏட்டில் இருந்தாலும் திரையில் இருந்தாலும், அதைப் படித்து விடை சொல்லும்படி ஆட்சியை நிர்ப்பந்திப்பதும் அவருடைய தொழிலின் ஒரு பகுதியே.